முன்கூட்டியே வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு வீட்டுவழி மொழிப்பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதை மீறிய வேகத்தில் புத்தகம் படிக்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோருக்கு, மொழிப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது மற்ற எந்தப் பாடத்தையும்விடச் சிக்கலாக இருக்கிறது. வயதுக்குரிய பாடம் குழந்தைக்குச் சலிப்பூட்டுகிறது. வாசிப்புக்கு ஈடான பாடமோ அக்குழந்தையின் கையால் இன்னும் எழுத முடியாததைக் கேட்கிறது. ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

ஐந்து வயது மகள் மூன்றாம் வகுப்புப் புத்தகங்களைச் சரளமாகப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்பு மொழிப்பாடத் தொகுப்பையே வாங்கிவிடலாமா?

அப்படியே வாங்குவது பெரும்பாலும் சரிவராது. மொழிப்பாடம் என்ற ஒரே பெயருக்குள் வாசிப்பு, பொருளுணர்தல், எழுத்துக்கூட்டு (சொற்களைப் பிழையின்றி எழுதுதல்), கையெழுத்து, இலக்கணம், சொல்வளம், கட்டுரை எழுதுதல், கேட்டல், பேசுதல் எனப் பல திறன்கள் அடங்கியிருக்கின்றன. இவை எந்தக் குழந்தையிடமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. விரைந்து வாசிக்கும் குழந்தைகளிடமோ இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். மீத்திறன் கொண்ட குழந்தைகளைப் பற்றி 1991-இல் அமெரிக்காவில் கொலம்பஸ் குழு என்ற பெயரில் கூடிப் பேசியவர்கள், மீத்திறன் என்பதையே சமச்சீரற்ற வளர்ச்சி என்று வரையறுத்தார்கள். அறிவு ஒரு வயதிலும் உணர்ச்சி வேறொரு வயதிலும் உடல் இன்னொரு வயதிலும் நிற்கும் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு இந்த வரையறை உடனே புரியும்.

மூன்றாம் வகுப்புப் பாடநூல் எட்டு வயதுக் குழந்தையின் விரல் வலிமையையும் எட்டு வயதுக் குழந்தையின் பொறுமையையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. கதையைப் படித்துவிட்டு ஐந்து கேள்விகளுக்கு முழு வாக்கியத்தில் விடை எழுதச் சொன்னால், உங்கள் மகள் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, முதல் விடையை எழுத அரை மணி நேரம் தவிப்பாள். அதைப் பார்க்கும் பெற்றோர், பாடம் கடினம் என்று எண்ணி வாசிப்பையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள். அங்கேதான் இழப்பு தொடங்குகிறது. வாசிப்புக்கு மூன்றாம் வகுப்பு நிலை, எழுத்துக்கூட்டுக்கு முதல் வகுப்பு நிலை, கையெழுத்துக்கு அவள் வயதுக்குரிய நிலை என்று ஒவ்வொரு திறனுக்கும் அதனதன் நிலையைத் தனியாகக் கண்டு தேர்ந்தெடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்றவை அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

படிப்பதெல்லாம் அவனுக்குப் புரிகிறதா என்பதை எப்படி அறிவது?

வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை இரண்டு திறன்களின் பெருக்குத்தொகையாகப் பார்க்கலாம் என்று பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் எழுதினார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டும் கூட்டப்படாமல் பெருக்கப்படுவதால், ஒன்று பூஜ்யத்தை நெருங்கினால் விடையும் பூஜ்யத்தை நெருங்கிவிடும். முன்கூட்டியே வாசிக்கும் குழந்தையிடம் முதல் திறன் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டாவது திறனைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கத் தேர்வுத்தாள் எதுவும் தேவையில்லை. அவன் இதுவரை படிக்காத ஓர் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி, நடந்ததை அவன் சொற்களிலேயே சொல்லக் கேளுங்கள். நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்கிறானா, ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால் கதைக்குள்ளிருந்தே காரணம் காட்டுகிறானா, ஆசிரியர் வெளிப்படையாக எழுதாத ஒன்றை ஊகித்துச் சொல்கிறானா என்று கவனியுங்கள். வரிகளை அப்படியே ஒப்பித்துவிட்டு ஏன் என்ற கேள்விக்கு மட்டும் மௌனமாக இருந்தால், புத்தகத்தை ஒரு படி எளிதாக்கி உரையாடலை இரு மடங்காக்குவது நல்லது.

வாசிப்பு மிக முன்னேயும் பேச்சும் புரிதலும் வயதுக்குக் கீழேயும் இருக்கும் நிலைக்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். 1967 முதல் ஆய்வு நூல்களில் இச்சொல் வழங்கிவருகிறது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளிடமும் இது காணப்படுகிறது. பேச்சு, பழகும் முறை ஆகியவை குறித்தும் உங்களுக்குக் கவலை இருந்தால், பாடத்திட்டம் தேடுவதற்கு முன் குழந்தை வளர்ச்சி மருத்துவரையோ பேச்சு மொழிப் பயிற்சியாளரையோ பாருங்கள்.

பதிப்பகங்கள் தரும் நிலையறி தேர்வை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். அந்தத் தேர்வு அந்தப் பதிப்பகத்தின் பாட வரிசையில் குழந்தையை எங்கே அமர்த்துவது என்பதைச் சொல்லும். குழந்தையின் பொதுத் திறனைச் சொல்லாது. தேர்வின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மதிப்பெண் கிடைக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே வகுப்பு எண்ணைத் தரும் தேர்வு, நமக்கு மிகவும் தேவைப்படும் செய்தியையே மறைத்துவிடுகிறது.

தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு எழுத்தொலிப் பாடம் தேவையா?

எந்த எழுத்து எந்த ஒலியைத் தரும் என்று கற்பிக்கும் இந்தப் பாடம் முழுவதும் தேவைப்படாமல் இருக்கலாம். சரிபார்க்காமல் விட்டுவிடுவதும் கூடாது. நினைவாற்றல் மிகுந்த சில குழந்தைகள் சொற்களின் முழு வடிவத்தையே மனத்தில் பதித்துக்கொண்டு படிக்கிறார்கள். படங்களும் பழகிய சொற்களும் நிறைந்த புத்தகங்களில் இது வெளியே தெரியாது. அறிவியல் பெயர்களும் அயல்நாட்டு ஊர்ப்பெயர்களும் நிறைந்த பக்கம் வரும்போது அவர்கள் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குவார்கள். பொருளற்ற சில சொற்களை நீங்களே உருவாக்கி எழுதிக்காட்டி வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவற்றைத் தடங்கலின்றி வாசித்தால் எழுத்தொலிப் பாடத்தைத் தாண்டிச் செல்லலாம். தடுமாறினால், குழந்தைப் படங்கள் நிறைந்த தொடக்க நூலை விடுத்து, விதிகளை நேரடியாக விளக்கும் எழுத்துக்கூட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாசிக்கத் தெரிந்த குழந்தையை மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வைக்கும் அவமானத்தை அது தவிர்க்கும்.

எல்லாம் அடங்கிய ஒரே தொகுப்பு நல்லதா, தனித்தனி நூல்கள் நல்லவையா?

இத்தகைய குழந்தைக்குத் தனித்தனி நூல்களையே நான் பரிந்துரைப்பேன். ஒரே தொகுப்பில் இருக்கும் வசதியை மறுக்கவில்லை. நாளுக்கு நாள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பெற்றோருக்குத் திட்டமிடும் சுமை இல்லை. இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் வீட்டில் அது சிறிய உதவி அன்று. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே வகுப்பு நிலையில் பூட்டப்பட்டிருப்பதால், முன்னே ஓடும் வாசிப்பையும் மெல்ல நடக்கும் கையெழுத்தையும் அது ஒருசேர ஏமாற்றும்.

தனித்தனியாக எடுக்கும்போது எட்டுப் பாடத்திட்டங்கள் வாங்க வேண்டியதில்லை. வாசிப்புக்குப் பாடநூலே வேண்டாம். நல்ல புத்தகங்களும் அவற்றைப் பற்றிய பேச்சும் போதும். எழுத்துக்கூட்டுக்கு வகுப்பு எண் அச்சிடாத, படிப்படியாக ஏறும் ஒரு நூலும், கையெழுத்துக்கு ஒரு மெல்லிய பயிற்சி நூலும் வாங்குங்கள். எழுதக் கற்பிப்பதற்குப் பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், திருப்பிச் சொல்லுதல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையைக் கைக்கொள்ளுங்கள். இவ்வளவில் ஆரம்ப ஆண்டுகள் நிறைவாகவே நடக்கும்.

தொகுப்பையே விரும்புவோருக்கு இலக்கிய அடிப்படையிலான தொகுப்புகள் ஓரளவு பொருந்தும். ஒரு முழுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்தே சொல், இலக்கணம், எழுத்து ஆகிய எல்லாவற்றையும் வளர்க்கும் அமைப்பில், புத்தகத்தை மேல் நிலையிலும் எழுத்து வேலையைக் கீழ் நிலையிலும் வைத்துக்கொள்ள இடம் கிடைக்கும். பத்தி பத்தியாகத் துண்டுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் தொகுப்புகளை, முழு நூல்களைப் படித்துப் பழகிய குழந்தை சில நாட்களிலேயே வெறுத்துவிடும்.

மாதிரிப் பக்கங்களைப் புரட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குழந்தையின் பக்கத்தை விட ஆசிரியர் கையேட்டை முதலில் படியுங்கள். ஒரு பயிற்சி ஏன் தரப்படுகிறது, குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் எதைத் தாண்டலாம் என்று கையேடு சொல்கிறதா? அப்படிச் சொன்னால் அதன் ஆசிரியர் உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளையும் நினைத்து எழுதியிருக்கிறார்.

அடுத்து, கேள்விகளின் தன்மையைப் பாருங்கள். நாயின் நிறம் என்ன, சிறுமி எங்கே போனாள் என்ற கேள்விகளே பக்கம் முழுவதும் இருந்தால் அந்த நூல் நினைவாற்றலை மட்டுமே சோதிக்கிறது. உங்கள் குழந்தைக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அவள் பொய் சொன்னது சரியா, இந்த முடிவை முன்கூட்டியே காட்டிய இடம் எது என்று கேட்கும் நூல் வேறு தரத்தது. ஒரு விதியைக் கற்றபின் எத்தனை முறை அதே பயிற்சி திரும்பி வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இருபது வாக்கியங்களில் ஐந்தை மட்டும் செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும், நூலில் பெரும்பகுதியை வெட்ட வேண்டியிருந்தால் அதை வாங்குவதில் பயனில்லை.

வாய்விட்டு அழகாகக் கதை சொல்கிறான். எழுதச் சொன்னால் மூன்று சொற்களோடு நிறுத்திவிட்டு அழுகிறான். என்ன செய்வது?

பெற்றோரை மிகவும் வருத்தும் கேள்வி இதுவே. பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ தவறாகத் தீர்ப்பளிக்கப்படுவதும் இந்த இடத்தில்தான். எழுதும்போது குழந்தை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. சொல்ல வேண்டியதை நினைக்க வேண்டும், வாக்கியமாக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் நினைவிலிருந்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் விரலால் வரைய வேண்டும். கடைசி இரண்டும் தன்னியல்பாக நிகழும் நிலையை அடையாதவரை, அவையே கவனம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. மனத்தில் நீண்ட, நுட்பமான வாக்கியங்கள் ஓடும் குழந்தைக்கு அவமான உணர்வும் கூடுகிறது. தான் படிக்கும் புத்தகங்களைப் போன்ற வாக்கியம் உள்ளே இருக்க, தாளில் ‘நான் நாயைப் பார்த்தேன்’ என்பது மட்டும் வரும்போது, நல்லது எது என்று தெரிந்த குழந்தைதான் அதிகமாக அழும்.

ஆகவே, எண்ணத்தை வளர்க்கும் வேலையையும் எழுதிப் பழகும் வேலையையும் சில ஆண்டுகளுக்குப் பிரித்து வையுங்கள். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) ஆறு வயது முதல் குழந்தைகளைக் கேட்டதை வாயால் திருப்பிச் சொல்லச் செய்தார். ஒருமுறை மட்டுமே வாசித்துக்காட்டி, பிறகு குழந்தையைக் குறுக்கிடாமல் பேசவிடுவது அவர் முறை. அதுவே கட்டுரை எழுதுவதற்கான முதல் பயிற்சி. அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பின் அவன் சொன்னதிலிருந்தே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் அவன் கையால் பார்த்தெழுதட்டும். கையெழுத்துப் பயிற்சி நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் மட்டும் இருக்கட்டும். இந்த இரண்டு ஓடைகளும் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதளவில் கலக்கத் தொடங்கும். அப்போது சொல்வதெழுதுதல் வழியாகச் சிறு பத்திக்குச் செல்லலாம். தட்டச்சைச் சற்று முன்பே கற்பிப்பதும் சில குழந்தைகளுக்குப் பெரிய விடுதலையாக அமையும். ஆனால் அதைக் கையெழுத்துக்கு மாற்றாக ஆக்கிவிடாதீர்கள். எழுத்தின் வடிவத்தைக் கையால் வரைவது எழுத்துக்கூட்டை மனத்தில் பதிக்க உதவுகிறது.

பல மாதங்கள் பொறுமையாகப் பழகியும் எழுத்து வடிவங்கள் நினைவில் நிற்காவிட்டால், எழுதும்போது கை வலிக்கிறது என்று தொடர்ந்து சொன்னால், எழுத்துத் திறன் குறைபாடு குறித்து நிபுணரிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். வாசிப்பில் சிறந்த குழந்தைக்கு இப்படி இருக்காது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வாசிப்பின் வெளிச்சத்தில் அது நெடுநாள் மறைந்திருக்கும்.

இலக்கணத்தை எப்போது தொடங்கலாம்?

அவசரமில்லை. பெயர்ச்சொல், வினைச்சொல், எழுவாய், பயனிலை ஆகியவற்றை வாய்மொழி விளையாட்டாக ஆறு ஏழு வயதிலேயே தொடலாம். மொழியின் அமைப்பில் ஆர்வம் கொண்ட குழந்தைகள் அதை வெகுவாக விரும்புகிறார்கள். முறையான இலக்கண நூல், குழந்தை தன் சொந்த வாக்கியங்களை எழுதத் தொடங்கிய பிறகு வந்தால் அதற்குப் பயன் இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கான நாவல்களை அவளால் படிக்க முடிகிறது. படிக்க விடலாமா?

படிக்க முடிவது ஒரு கேள்வி. படிக்கத் தக்கதா என்பது வேறு கேள்வி. புத்தகங்களின் மேல் அச்சிடப்படும் நிலை எண்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கின்றன. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் லெக்சைல் அளவு, வாக்கியங்களின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வழங்குகின்றன என்பதையும் கொண்டு கணக்கிடப்படுவது. அதன்படி ஜான் ஸ்டீன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலுக்குக் கிடைக்கும் எண் 680. அந்நாட்டுப் பாடத்தரத்தில் இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குச் சொல்லப்படும் வரம்பு 420 முதல் 820 வரை. நிலமிழந்து இடம்பெயரும் குடும்பத்தின் பசியையும் சாவையும் பேசும் அந்த நாவலை எட்டு வயதுக் குழந்தையிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். எண் மட்டும் கொடுக்கச் சொல்கிறது.

பழைய சிறுவர் இலக்கியம் இந்தச் சிக்கலுக்கு நல்ல துணை. அவற்றின் வாக்கியங்கள் நீளமானவை, சொற்கள் செறிவானவை, ஆனால் கதைமாந்தரின் கவலைகள் குழந்தையின் உலகத்துக்குள்ளேயே இருக்கும். அக்காலத்தின் இன, சாதி, பால் சார்ந்த தவறான பார்வைகள் சிலவற்றில் இருக்கும் என்பதால், நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். பறவைகள், விண்வெளி, இயந்திரங்கள், வரலாறு பற்றிய அபுனைவு நூல்களில் எவ்வளவு மேலே வேண்டுமானாலும் ஏறலாம். அங்கே மொழி கடினமாகும்போதும் பெரும்பாலும் உணர்ச்சிச் சுமை கூடுவதில்லை. போர், நோய் போன்ற தலைப்புகளில் மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே படித்த எளிய புத்தகங்களையும் படக்கதைகளையுமே திரும்பத் திரும்ப எடுக்கிறாள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். பாட நேரத்து நூலை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஓய்வு நேரத்து நூலை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

சொல்வளத்துக்குத் தனிப் பயிற்சி நூல் வேண்டுமா?

அந்தப் பணத்தைப் பல துறை நூல்களில் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த விளையாட்டை நன்கு அறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், வாசிப்பில் தேர்ந்திருந்தும் விளையாட்டை அறியாதவர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். புரிதல், பொருளைப் பற்றிய அறிவின் மேல் நிற்கிறது. வரலாறும் அறிவியலும் புவியியலும் நிறைந்த வாசிப்பு, சொற்களையும் அவை வாழும் இடத்தையும் சேர்த்தே தருகிறது. கதைகளை மட்டுமே விழுங்கும் குழந்தை பத்து வயதளவில் பாட நூல்களில் திணறுவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கிறான், தமிழில் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். இரண்டுக்கும் ஒரே திட்டம் போதுமா?

போதாது. பொருளுணர்தல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு ஓரளவு கடந்து வரும். எழுத்தறிவு அப்படித் தானாக வராது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26-தான், ஆனால் ஒரே எழுத்துத் தொடர் சொல்லுக்குச் சொல் வேறாக ஒலிக்கும். தமிழில் 247 எழுத்துகளின் வடிவங்களைப் பழகத் தொடக்கத்தில் காலம் பிடிக்கும், பழகிய பின் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. ஆங்கில எழுத்துக்கூட்டுக்கு விதிகளையும் விலக்குகளையும் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் நூல் தேவைப்படும். தமிழில் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் ந, ன, ண வேறுபாடுமே முதன்மையான இடர்கள், அவற்றுக்குச் சொல்வதெழுதுதல் போதும்.

தமிழுக்கே உரிய இன்னொரு தடை, பேசும் மொழிக்கும் எழுதும் மொழிக்கும் இடையே உள்ள தூரம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கும் புத்தகத் தமிழ் பாதி புதிய மொழியாகவே தோன்றும். காதுக்கு அதைப் பழக்கப்படுத்த நாள்தோறும் வாய்விட்டு வாசித்துக்காட்டுவதை விடச் சிறந்த பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கில வேகத்தோடு ஒப்பிட்டுத் தமிழைப் பற்றிக் கடிந்துகொள்ளாதீர்கள். தமிழில் தொடக்க நூலையும், கேட்பதற்கு அவன் அறிவுக்கு ஈடான கதைகளையும் ஒன்றாகக் கொடுங்கள்.

நாளுக்கு எவ்வளவு நேரம்?

எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டுவது அரிது என்றே சார்லட் மேசன் வகுத்திருந்தார். எழுத்துக்கூட்டு, கையெழுத்து, திருப்பிச் சொல்லுதல் மூன்றையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். தானாக வாசிக்கும் நேரமும் நீங்கள் வாசித்துக்காட்டும் நேரமும் இதில் சேராது.

நன்றாகப் படிக்கும் குழந்தைக்கு இன்னும் வாசித்துக்காட்ட வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அவன் கண்ணால் படிக்கக்கூடியதை விடச் சற்று மேலான நூலை வாசித்துக்காட்டி, கடினமான இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். தானாகப் படிக்கும்போது வேகத்தில் தாண்டிச்செல்லும் வருணனைகளை அப்போதுதான் அவன் முழுமையாகக் கேட்கிறான். கண்ணால் மட்டுமே அறிந்த சொற்களின் உச்சரிப்பும் அப்போதுதான் சரியாகிறது.

வாங்கிய பாடத்திட்டம் பொருந்தவில்லை என்று எப்போது முடிவு செய்வது?

முதல் வாரத்து முணுமுணுப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். புதிய ஒழுங்கு எதுவும் சில வாரங்களுக்கு உறுத்தும். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் எந்தப் பகுதியில் உறுத்தல் தொடர்கிறது என்று குறித்துப் பாருங்கள். குழந்தை எல்லாவற்றையும் பிழையின்றி, சிந்திக்காமல் முடித்தால் அந்தப் பகுதியில் இரண்டு படி மேலே போகலாம். உட்கார்ந்தவுடன் கண் கலங்கினால், கேட்கப்படும் எழுத்து வேலையைப் பாதியாகக் குறைத்து, மீதியை வாய்மொழியாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நூலை மாற்றாமலேயே சரியாகிவிடும். அதன் பிறகும் சரியாகாவிட்டால் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள், நன்றாக நடக்கும் பகுதிகளைத் தொடாதீர்கள். அடுத்த நூலை வாங்குவதற்கு முன், குழந்தை இப்போது எதைத் தானாகச் செய்கிறது, எதை உதவியோடு செய்கிறது என்பதை ஒரு தாளில் திறன் வாரியாக எழுதிக்கொண்டு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள்.